டிரன்னியனுக்கு எண்ணெய்

முன்பக்க இடது சக்கரம் மடங்கியபோது வண்டி நடைவேகத்தில்கூட இல்லை. ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியிலிருந்து எங்கள் சந்துக்குள் ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்திருந்த நேரம். டக்கென்று ஒரு சத்தம். வண்டியின் இடது மூக்கு தரையை நோக்கிச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால், காலை மடக்கிப் படுத்த மாடுபோலச் சக்கரம் மட்கார்டுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. இதே முறிவு காவிரிப் பாலத்தின் மேல், பின்னால் பஸ் வரும் நேரத்தில் நடந்திருந்தால் என்ற நினைப்பில் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அறுபதுகளின் நடுவில் சென்னையில் தயாரானது. இரண்டு கதவு, 948 சி.சி. எஞ்சின். அப்பா இரண்டாவது கையாக வாங்கி, இருபது வருஷம் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்குமாக ஓட்டினார். அவருக்குப் பிறகு அது கொட்டகையில் நின்ற காலம்தான் அதிகம்.

உடைந்த உறுப்பை அரியமங்கலத்தில் லேத் வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். பொன்மலைப் பணிமனையில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். பழந்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது நேத்து உடைஞ்சது இல்ல. முறிஞ்ச முகத்தப் பாருங்க. முக்கால்வாசி கறுத்துக் கிடக்கு, இந்த ஓரம் மட்டும் பளபளன்னு இருக்கு. கறுத்த இடம் எப்பவோ விட்டுப்போச்சு. மிச்சமிருந்த கால்வாசியிலதான் நீங்க இத்தன நாளும் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

உலோகவியலில் இதைக் களைப்பு முறிவு என்பார்கள். ஒரே தடவையில் உடைக்கப் போதாத சிறிய விசைகூட, ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது, மேற்பரப்பில் இருக்கும் ஏதோவொரு கீறலின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும். திறந்த இடத்தில் ஈரமும் காற்றும் புகுந்து கறுக்கும். கடைசியில் மிச்சமிருக்கும் பரப்பு பாரம் தாங்காமல் ஒரு நொடியில் விடும். அந்தக் கடைசி நொடிதான் பளபளப்பாகத் தெரிந்த ஓரம்.

கீறல் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையின் பாடம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தான ஓர் எஃகுத் தண்டு. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைக்குப் பெயர் டிரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் சற்றே முன்னும் பின்னும் சுழலும். கம்பெனிப் புத்தகம் இந்த இடத்துக்குக் கெட்டியான கியர் எண்ணெய் போடச் சொல்கிறது. கிரீஸ் போடச் சொல்லவில்லை. நாங்கள் வண்டியை விட்ட ஒரு சர்வீஸ் நிலையத்தில், மற்ற நிப்பிள்களுக்கு அடித்ததைப் போலவே இதற்கும் பல வருஷம் கிரீஸ் அடித்துவிட்டார்கள்.

கிரீஸ் என்பது எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும் சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பதைப் போல, சோப்பின் நுண்ணிழைகள் எண்ணெயைப் பிடித்து வைத்து, தேவைப்படும்போது கசியவிடும். தளர்வாகச் சுற்றும் பேரிங்குக்கு அது உயிர். இறுக்கமான மரை இடுக்குக்குள் அது முழுதாக ஓடாது. நாளடைவில் எண்ணெய் வடிந்துபோய், உலர்ந்த சோப்பு மட்டும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். கீழிருந்து ஏறும் மழைத்தண்ணீர் மரையின் பள்ளத்தில் தங்கும். எஃகு அந்தப் பள்ளத்தில் துருவேறும். துருப் பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு கீறலின் தொடக்கம். எண்ணெயாக இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் பழையதைத் தள்ளிக்கொண்டு மரை முழுக்க ஓடி, தண்ணீரையும் வெளியேற்றியிருக்கும்.

அந்த முறிவுக்குப் பிறகுதான் வண்டியை முழுக்கப் பிரித்துச் செய்வதென்று முடிவெடுத்தேன். நண்பர்கள் பலரும் சொன்ன யோசனை வேறு: ஒரு மாருதி எஞ்சினை இறக்கிவிடு, ஏசி போடு, நிம்மதியாக ஓட்டு. இன்றுவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹெரால்டு தன் காலத்தின் எண்ணெயை, பெட்ரோலை, சாலையை நம்பிச் செய்யப்பட்ட வண்டி. அந்த நம்பிக்கை எங்கெல்லாம் இன்று பொய்த்துவிட்டதோ அங்கே மட்டும் கைவைக்க வேண்டும். மற்ற இடத்தில் அதை வடிவமைத்தவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டும். மூன்று வருஷமாக இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

ஹெரால்டை வீட்டு முற்றத்தில் பிரிக்க முடிவதற்கே ஒரு தொழில்போட்டி காரணம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனி தன் சிறிய கார்களுக்கான உடற்கூட்டை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கிவந்தது. 1953-இல் அந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு உடற்கூடு செய்துதர ஆளில்லாத நிலை. மற்ற கம்பெனிகள் சேஸ்ஸும் உடலும் ஒன்றேயான கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஸ்டாண்டர்ட் பழையபடி தனிச் சேஸ்ஸுக்குத் திரும்பியது. உடலைச் சிறு சிறு துண்டுகளாகப் பல இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். டூரின் நகரத்து மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959-இல் ஹெரால்டு விற்பனைக்கு வந்தது. துண்டுகளாகக் கப்பலேற்றி இன்னொரு நாட்டில் சேர்ப்பதற்கு அந்த அமைப்பு மிகவும் தோதாக இருந்தது. சென்னைக்கு வெளியே, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இங்கே ஹெரால்டைத் தந்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் டாக்டர் வீட்டு வாசலில் நின்ற வண்டி என்றால் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும்.

அந்தப் பழைய நெருக்கடியின் பலனை நான் இன்று அனுபவிக்கிறேன். போனட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்த முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். எஞ்சினின் மூன்று பக்கமும் நின்று வேலை செய்யலாம். கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது. எடைதூக்கும் இயந்திரம் எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பையன்கள் நான்கு பேரை வைத்துக்கொண்டு உடலைச் சேஸ்ஸிலிருந்து தூக்கினோம். கழற்றிய போல்ட்டெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில், எந்த இடம் என்று சீட்டு எழுதி ஒட்டி. 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி என்பதால்தான் ஸ்ரீரங்கத்துச் சந்துகளில் அப்பா அதை விரும்பி வைத்திருந்தார் என்பதும், அந்த முன்சக்கரத்தை அவ்வளவு தூரம் ஒடிக்கவிடுவது டிரன்னியன்தான் என்பதும் பிரித்த பிறகே ஒன்றோடொன்று பொருந்தின.

உடலைத் தூக்கியதும் கண்ணில் பட்டது துரு. சேஸ்ஸின் நடு உத்தரங்கள் நன்றாகவே இருந்தன. பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள் அப்பளமாக நொறுங்கின. ஒரே இரும்பு, ஒரே வயது, ஒரே மழை. ஓரிடம் பிழைத்து இன்னோரிடம் ஏன் போயிற்று?

துரு பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்ச்சி. நனைந்த இரும்புத் தகடு தனக்குள் தானே ஒரு பேட்டரி. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரானை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான் உலோகத்தின் வழியே ஓடி இன்னோரிடத்தில் ஆக்சிஜனையும் தண்ணீரையும் சந்திக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் தப்பித்துக்கொள்கிறது; ஆக்சிஜன் குறைவாக எட்டும் இடம்தான் கரைகிறது. அதனால் காற்றாடும் வெளிப்பரப்பைவிட, சேறு அப்பிய மூலை, இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடுக்கு, ஈரக் கம்பளத்தின் அடி ஆகியவை முதலில் ஓட்டையாகின்றன. ஹெரால்டின் சேஸ்ஸுக் கைகள் பெட்டிபோல மூடியவை. முன்சக்கரம் வாரி அடிக்கும் காவிரி வண்டல் உள்ளே போய்ச் சேர்ந்தால் வெளியே வர வழியில்லை. நான் சுரண்டி எடுத்த மண் இரண்டு கைப்பிடி இருக்கும். ஐப்பசியில் நனைந்த மண் தை வரைக்கும் உள்ளே காய்ந்திருக்காது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது, மழையே படாத இரும்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் படிந்து துரு வேகம் பிடிக்கும். ஸ்ரீரங்கம் ஒரு தீவு; ஒருபக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். தார்ப்பாயால் இறுகப் போர்த்தி வைத்ததுதான் நான் அந்த வண்டிக்குச் செய்த பெரிய கெடுதல். ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்தேன். இப்போது கொட்டகையின் இரண்டு பக்கமும் காற்றுப் போகத் தட்டி மட்டும் கட்டியிருக்கிறேன்.

நொறுங்கிய கைகளை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டில் செய்து வெல்டிங் போட்டதை விவரிக்க அதிகம் இல்லை. திருச்சியில் வெல்டிங்குக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. பெல் கொதிகலன் தொழிற்சாலையும், 1975-இல் அங்கே அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும், அவற்றைச் சுற்றி வளர்ந்த நூற்றுக்கணக்கான பட்டறைகளும் இந்த ஊரின் கையை அதற்குப் பழக்கிவிட்டன. சிறிய உறுப்புகளின் துருவை எடுத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த உறுப்பை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கட்டித் தொங்கவிட வேண்டும். நேர்முனையில் வேண்டாத பழைய இரும்புத் தகடு. இரண்டும் தொடக்கூடாது. மின்சாரம் ஓடும்போது துருவின் அடியில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி அதை நெக்குவிட வைக்கின்றன. துருவின் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறித் தளர்கிறது. மறுநாள் எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தால், அறுபது வருஷத்துக்கு முன் வார்த்தபோது விழுந்த எண்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. நல்ல இரும்பு ஒரு துளியும் கரைவதில்லை. அமிலத்தில் போட்டால் துருவோடு இரும்பும் போகும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் எரியும் வாயு. சலவை சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். நேர்முனையில் எவர்சில்வர் கட்டினால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் கலக்கும். ஸ்பிரிங்கையும் உறுதி கூட்டிய போல்ட்டையும் இதில் போடக்கூடாது; ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைந்து அவற்றை உடையும்படி ஆக்கிவிடும்.

கை நுழையாத இடுக்குகளுக்குக் கடுக்காய் உதவியது. கடுக்காய்த் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டிய நீரை, துரு மட்டும் மிஞ்சிய ஒரு போல்ட்டின் மேல் தடவிப் பார்த்தேன். கால்மணி நேரத்தில் காவி நிறம் போய் நீலங்கலந்த கறுப்பாகிவிட்டது. கடுக்காயிலுள்ள டானின் துருவின் இரும்போடு சேர்ந்து கரையாத ஒரு கூட்டுப்பொருளாகப் படிகிறது. கடைகளில் துருமாற்றி என்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் இந்த டானினோ பாஸ்பாரிக் அமிலமோதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் செய்ததும் இதே வேதியியல். தனியே விட்டால் இது வெகுநாள் தாங்காது. மேலே துத்தநாக பிரைமர் அடித்தால்தான் வேலை முடியும். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும் உலோகம். கீறல் விழுந்தாலும் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

இனி பெட்ரோல். இங்கேதான் உலகம் அதிகம் மாறியிருக்கிறது.

ஹெரால்டு பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. எஞ்சின் தட்டுவதைத் தடுக்க 1920களில் இருந்து கலந்துவந்த டெட்ராஎதில் ஈயம் அது. அதனால் யாரும் திட்டமிடாத ஒரு நன்மையும் கிடைத்தது. எரிந்த ஈயத்தின் உப்புகள் எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் இடமும் மோதும் விளிம்பில் மெல்லிய மெத்தையாகப் படிந்தன. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு காற்றிலிருந்து போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. எந்தக் காரும் அதற்கு ஈடாகாது. ஆனால் மெத்தை போய்விட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய இருக்கையில், செந்தணலாய்ச் சுடும் வால்வு நேரடியாக அறைகிறது. ஒவ்வோர் அறையிலும் நுண்ணிய புள்ளிகளில் இரண்டும் ஒட்டிப் பிய்கின்றன. பிய்ந்த துகள் ஆக்சைடாகி அரத்தூளாக அராவுகிறது. இருக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும். டேப்பட் இடைவெளி வழக்கமாகத் தேயத் தேயக் கூட வேண்டும். இங்கே குறைந்துகொண்டே வரும். அப்படிக் குறைந்தால் இருக்கை இறங்குகிறது என்று பொருள். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டியில் இது மிக மெல்ல நடக்கும். அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்றச் சொல்ல மாட்டேன். எப்படியும் ஹெட் கழன்று கையில் இருந்ததால் செய்தேன்.

பெரியவர் எக்ஸாஸ்ட் இருக்கைகளைக் கடைந்தெடுத்து, கடின எஃகு வளையம் பதித்தார். வளையம் பள்ளத்தைவிட மூன்று தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) பெரிது, அதாவது 0.075 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமன். அடித்து இறக்கினால் ஹெட் விரிசல் விடும். வளையங்களை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போனேன். 32 மி.மீ. வளையம் 50 டிகிரி குளிர்ந்தால் 0.018 மி.மீ. சுருங்கும். ஹெட்டை 100 டிகிரி சூடேற்றினால் பள்ளம் 0.035 மி.மீ. விரியும். இரண்டும் சேர்ந்து மூன்று தௌவில் இரண்டு தௌ தீர்ந்தது. மீதி ஒரு தௌவுக்கு பிரஸ்ஸை மெல்ல அழுத்தினார். வளையம் உள்ளே போய் உட்கார்ந்த சில நொடிகளில் ஹெட்டின் சூடு அதற்கும் ஏறி, இரண்டும் இறுகின. "இனி இத எடுக்கணும்னா திரும்பக் கடையத்தான் வேணும்" என்றார்.

ஈயத்தைவிட எத்தனால்தான் இப்போது அவசரமான சங்கதி. 2025 முதல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் கிடைக்கும் எரிபொருள் என்பதால் லால்குடிப் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு அதில் நன்மை இருக்கலாம். ஆனால் 1960களின் ரப்பருக்கும் கார்க்குக்கும் எத்தனாலைத் தெரியாது.

உங்கள் வண்டியில் என்ன ஓடுகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். மொட்டைமாடியில், அடுப்பும் தீயும் இல்லாத இடத்தில், அளவுக் குழாயில் 80 மி.லி. பெட்ரோல் ஊற்றி, 20 மி.லி. தண்ணீர் சேர்த்து, மூடி, குலுக்கி, நிற்கவிடுங்கள். பெட்ரோலும் தண்ணீரும் பிரியும். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல்தான் பிடிப்பு அதிகம். பெட்ரோலைக் கைவிட்டு அது கீழே இறங்கிவிடும். 20-இல் நின்றிருக்க வேண்டிய கோடு எனக்கு 35 அருகில் வந்து நின்றது. அதிகப்பட்ட 15 மி.லி.யும் எத்தனால். இதே பிரிவு பெட்ரோல் டாங்கியின் அடியிலும் நடக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கிக்குள் காற்றின் ஈரம் இறங்கி, எத்தனாலை இழுத்துக்கொண்டு, இரும்பை அரிக்கும் ஒரு நீர்ப்படலமாக அடியில் தேங்குகிறது. என் டாங்கியின் அடியிலிருந்து முதலில் வடிந்தது பெட்ரோலே இல்லை, கலங்கிய தண்ணீர்.

எத்தனால் சிறிய, முனைவுள்ள மூலக்கூறு. பழைய ரப்பரின் சங்கிலிகளுக்கு நடுவே எளிதில் புகுந்து உப்பவைக்கும், மென்மையாக்கும், பிறகு விரிசல் விடவைக்கும். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், மிதவைக் கிண்ணத்தின் கார்க் கேஸ்கெட், டாங்கியிலிருந்து வரும் ஹோஸ் மூன்றும் இதற்கு இரை. துத்தநாகக் கலவையில் வார்த்த கார்ப்பரேட்டரின் உள்சுவரில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. எத்தனால் நல்ல கரைப்பானும்கூட. பல வருஷம் டாங்கியில் ஒட்டிக்கிடந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும். ஹோஸையும் சீல்களையும் வைட்டான் என்ற ஃபுளோரின் ரப்பருக்கு மாற்றினேன். அதன் மூலக்கூறு எத்தனாலை உள்ளே விடுவதில்லை. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியும் வீடும் சேர்ந்து போகும்.

அடுத்தது கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்துவருவதால் அதற்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5. புதிய வண்டிகளில் எக்ஸாஸ்ட்டில் உள்ள சென்சார் இதை மோப்பம் பிடித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். ஹெரால்டின் கார்ப்பரேட்டரில் இருப்பது ஒரு பித்தளைத் துளை மட்டுமே. அது பழைய அளவிலேயே விடும். கலவை கிட்டத்தட்ட 8 சதவீதம் மெலிந்துவிடும். வண்டி திக்கும், சூடாகும், மேட்டில் இழுக்காது. மருந்து அந்தப் பித்தளைத் துளையிலேயே இருக்கிறது. ஜெட்டின் மேல் பொறித்த எண், துளையின் விட்டம். 100 என்றால் 1 மி.மீ. அதை 105 ஆக்கினால் விட்டம் 5 சதவீதம்தான் கூடும், பரப்போ 10 சதவீதம் கூடும். விலை அதிகமான, ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடுவதால் இந்தப் பழைய, அழுத்தம் குறைந்த எஞ்சினுக்கு எந்த லாபமும் இல்லை. ஆக்டேன் என்பது தட்டாமல் அழுத்தம் தாங்கும் திறன். இங்கே அவ்வளவு அழுத்தமே கிடையாது.

மின்சாரத்தில் பலரும் முதலில் டைனமோவைத் தூக்கி எறிந்து ஆல்டர்நேட்டர் மாட்டுகிறார்கள். டைனமோ ஐட்லிங்கில் ஒன்றும் தராது என்பது உண்மை. நான் சுமையைக் குறைத்தேன். பின்விளக்குகளுக்கும் மீட்டர் விளக்குக்கும் எல்.இ.டி., ஹெட்லைட்டுக்கு ரிலே. அந்த ரிலே நூறு இருநூறு ரூபாய் சாமான். செய்த மாற்றங்களிலேயே பணத்துக்கு அதிகம் பலன் தந்தது அதுதான். இரண்டு 45 வாட் பல்புக்குப் போகும் ஏழரை ஆம்பியரும் அறுபது வருஷத்து ஸ்விட்ச், காலால் மிதிக்கும் டிம்-டிப், துருவேறிய முனைகள் எல்லாவற்றையும் தாண்டிப் போகிறது. எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். 12-க்குப் பத்தரை வோல்ட் என்றால் எட்டில் ஒரு பங்கு குறைவுதானே என்று தோன்றும். இழை விளக்கின் வெளிச்சம் வோல்டேஜின் மூன்றரை அடுக்கை ஒட்டிச் சரிவதால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. ரிலே வைத்தால் பழைய ஸ்விட்ச் வெறும் கட்டளை மட்டும் கொடுக்கும். மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போகும். ஒன்று மட்டும்: பழைய பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் எர்த். எல்.இ.டி. மாட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்; தலைகீழானால் எரியாது.

பிரேக்கில் அசல் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நாலு பேரோடு சுமார் 1,000 கிலோ வண்டி 60 கி.மீ. வேகத்தில் வந்து நிற்கும்போது அதன் ஓட்டம் முழுவதும் டிரம்மில் சூடாகிறது, நானூறு மி.லி. தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் பொருள். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழ் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், மிதி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கொரு முறை அதை முழுக்க மாற்ற வேண்டும். பழைய அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. ஓரிடம் ஒழுகினால் நான்கும் போச்சு. முன்னும் பின்னும் தனித்தனி வழியாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை வைத்துவிட்டேன். பழைய லைனிங்கின் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் கம்ப்ரசரும் வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுத்து மூடிப் போடுங்கள்.

இந்த மாற்றங்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி உண்டு. 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய வாகனத்தை விண்டேஜ் என்று பதிந்து விஏ வரிசை எண் வாங்கலாம். அதற்கு சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. வாங்கிய பிறகு அன்றாடம் ஓட்டவும் முடியாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். மாருதி எஞ்சினை இறக்கியிருந்தால் இந்த வாசல் அன்றைக்கே மூடியிருக்கும். நான் கழற்றிய பழைய மாஸ்டர் சிலிண்டர், ஜெட், விளக்கு எல்லாம் எண்ணெய்த் தாளில் சுற்றி அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வால்வு வளையத்தையும் சேஸ்ஸுக் கைகளையும் தவிர ஒரே நாளில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடலாம்.

1928 முதல் பொன்மலையில் இயங்கிவரும் ரயில்வே பணிமனை இதே கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்திருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் நிலக்கரிக்காகச் செய்யப்பட்டவை. பொன்மலைக்காரர்கள் 2010களில் அதே வகையில் புதிய எஞ்சின்களையே கட்டினார்கள்; பல்சக்கரம், சிலிண்டர் அமைப்பு எல்லாம் பழையபடி, எரிபொருள் மட்டும் எண்ணெய். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பெரியவரிடம் நான் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் அந்தப் பணிமனையில் கற்றது: "எரியறத மாத்து, உருளறத மாத்தாத."

போன ஞாயிறு காலையில் காவிரிப் பாலம் தாண்டி, கரூர் சாலையில் முக்கொம்பு வரை போனேன். 50-இல் சீராக ஓட்டி, ஓரமாக இக்னிஷனை அணைத்து, கிளட்ச்சை மிதித்து அப்படியே உருளவிட்டு நிறுத்தினேன். எஞ்சின் கடைசியாக எப்படி எரிந்ததோ அந்த நிறம் பிளக்கில் அப்படியே நிற்கும். கொஞ்சம் ஆறியதும் முதல் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய காப்பித்தூள் நிறம் வராது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் கலவை இன்னும் மெலிவுதான். அடுத்த அளவு ஜெட்டைப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். வீடு திரும்பியதும் முன்பக்க டிரன்னியன் இரண்டுக்கும் கிரீஸ் கன்னில் 90 எண் கியர் எண்ணெயை நிரப்பி, மரையின் இடுக்கில் புது எண்ணெய் கசியும்வரை அழுத்தினேன். இடது பக்கத்தில் பொன்னிறமாகவே வந்தது. வலது பக்கத்தில் முதலில் வந்த இரண்டு சொட்டு கொஞ்சம் கலங்கல்.